இழுத்தால் வராது, உள்ளே தள்ளினால் வரும்!

மும்பையில் மழை ஓய்ந்து, கணபதி ஊர்வலங்களும் முடிந்துவிட்டால், தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், டோம்பிவிலி பகுதிகளின் சந்துகளில் ஞாயிறுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். வீட்டு வாசலில் பழைய சாக்கை விரித்து, அதன் மேல் ஸ்பானர்களைப் பரப்பி வைத்து, மோட்டார் சைக்கிளையோ ஆட்டோவையோ பிரித்துக்கொண்டிருப்பார்கள். நான்கு மாதம் சேற்றிலும் தண்ணீரிலும் ஓடிய வண்டி. ஒர்க் ஷாப்பில் விட்டால் ஒரு நாள் வருமானம் போய்விடும், கூலி தனி. எனவே ஏர் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது, ஸ்பார்க் பிளக் மாற்றுவது, திராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைப்பது போன்ற வேலைகளைத் தாங்களே செய்துகொள்ளும் தமிழர்கள் இங்கே நிறைய உண்டு.

போல்ட்டும் நட்டும் எப்படியோ கழன்றுவிடுகின்றன. வேலை நின்றுபோவது வேறிடத்தில். ஒயரும் ஒயரும் சேருமிடத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். கம்பெனிப் புத்தகத்தில் அதற்குக் கனெக்டர் என்று பெயர். பட்டறையில் கப்ளர் என்பார்கள். அது வராது. அமுக்கினாலும் வராது, ஆட்டினாலும் வராது. பொறுமை இழந்து கட்டிங் பிளேயரால் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினால் 'டக்' என்று சத்தம் கேட்கும். அது கப்ளர் கழன்ற சத்தமல்ல, அதன் பூட்டு முறிந்த சத்தம்.

மறுநாள் திங்கட்கிழமை. வாடகை ஆட்டோவானாலும் சரி, சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் பையனின் பைக்கானாலும் சரி, வண்டி வாசலிலேயே நிற்கும். விரல் நுனியளவு பிளாஸ்டிக் நாக்கு ஒன்றுக்காக முழு ஒயரிங் செட்டையே மாற்றச் சொன்னால் செலவு சில ஆயிரம் ரூபாயைத் தொடும். 

பத்மினி காலத்தில் இல்லாத தொல்லை

பிரீமியர் பத்மினி டாக்சியில் வேலை பழகியவர்களுக்கு இது புதுத் தொல்லைதான். அந்தக் காரில் காயில், டிஸ்டிரிபியூட்டர், பாயின்ட், கண்டென்சர் என்று நாலே சாமான்கள். ஒயரின் முனையில் ஒரு தட்டைத் தகடு. பிடித்து இழுத்தால் கையோடு வரும். மழையில் நின்றுபோனால் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து மாட்டினால் ஓடிவிடும். 2023 அக்டோபர் 30-ம் தேதியோடு மும்பைச் சாலைகளில் பத்மினி டாக்சிகளின் ஓட்டம் முடிவுக்கு வந்தது. அந்தக் கைப்பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி அமலுக்கு வந்தது. அதன்பின் வந்த பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்துவிட்டது. எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. அதற்குத் தகவல் கொடுக்க சூட்டைப் பார்க்க ஒரு சென்சார், ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்க ஒன்று, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்க்க ஒன்று, கிராங்க் சுற்றுவதைப் பார்க்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கப்ளர். பெட்ரோல் டாங்கைத் தூக்க வேண்டுமானால்கூட அதனுள் இருக்கும் பம்பின் கப்ளரை முதலில் கழற்றியாக வேண்டும்.

கப்ளர் சரியில்லை என்றால் வண்டி நின்றுதான் போகும் என்பதில்லை. ஓடிக்கொண்டே பணத்தைத் தின்னும் விதமும் உண்டு. என்ஜின் சூட்டைப் பார்க்கும் சென்சாரை எடுத்துக்கொள்ளலாம். பல வண்டிகளில் அது 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை மின்தடை காட்டும். என்ஜின் சூடேறி 80 டிகிரி வரும்போது அது 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கப்ளருக்குள் களிம்பு ஏறிச் சில நூறு ஓம் தடை கூடினால், கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? என்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துப் பெட்ரோலை அதிகமாக விடும். வண்டி ஓடும், மைலேஜ் விழும். காரணம் தெரியாமல் கார்பன், ஏர் பில்டர், பெட்ரோல் பங்க் என்று ஒவ்வொன்றாகப் பழி சொல்லிக்கொண்டிருப்பார் வண்டிக்காரர்.

தாழ்ப்பாளும் கதவும்

கப்ளர் ஏன் வர மறுக்கிறது? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

கப்ளரில் இரண்டு பாதிகள். ஒன்றில் ஊசிகள், மற்றதில் அவை நுழையும் துளைகள். தண்ணீர் புகாமலிருக்க நடுவில் ஒரு ரப்பர் வளையம். வெளியே ஒரு பாதியில் சின்ன மேடு. மறுபாதியில் அந்த மேட்டைத் தாண்டி விழுந்து கவ்விக்கொள்ளும் ஒரு நாக்கு. அந்த நாக்குதான் பூட்டு. ஊசிகளோ ரப்பரோ கப்ளரைப் பிடித்து வைத்திருப்பதைவிட அந்த நாக்கு பிடித்து வைத்திருப்பதே அதிகம்.

இப்போது ஒருவர் கப்ளரை இழுத்துக்கொண்டே நாக்கை அமுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இழுக்க இழுக்க, நாக்கின் கொக்கி மேட்டின் மீது அழுந்துகிறது. எவ்வளவு பலமாக இழுக்கிறாரோ அவ்வளவு இறுக்கமாகப் பூட்டிக்கொள்கிறது. ஊரில் பழைய வீடுகளில் மழைக்காலத்தில் ஊதிப்போன கதவைத் திறந்தவர்களுக்கு இது தெரியும். கதவை இழுத்துக்கொண்டே தாழ்ப்பாளை நகர்த்தினால் நகராது. தோளால் கதவை ஒரு தள்ளு தள்ளி, தாழின் மேலுள்ள பாரத்தைக் குறைத்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

கப்ளருக்கும் அதே வித்தைதான். முதலில் இரண்டு பாதிகளையும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே தள்ள வேண்டும். மயிரிழை அளவு நகரும். அது போதும், கொக்கியின் மேலுள்ள பாரம் போய்விடும். அப்படித் தள்ளிப் பிடித்தபடியே நாக்கை அமுக்க வேண்டும். நாக்கை விடாமல், பிறகு பிளாஸ்டிக் உடம்பைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் அசைக்கலாம், மேலும் கீழும் மடக்கக் கூடாது. வராத கப்ளர்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கத்துக்கே வந்துவிடும். எழுதப் படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும் இதை, கை இழுக்கத் துடிக்கும் நேரத்தில் செய்வதுதான் சிரமம்.

எல்லா நாக்கும் ஒரே ஜாதியல்ல

சில கப்ளர்களில் நாக்கை அமுக்க வேண்டும். சிலவற்றில் நாக்கு மேட்டின் மேல் வளையம்போல் கவிழ்ந்திருக்கும். அதை அமுக்கினால் இன்னும் இறுகும், மெல்லிய ஸ்குரு டிரைவரால் தூக்கிவிட வேண்டும். எது எந்த வகை என்று தடவிப் பார்த்து முடிவு செய்வது ஆபத்து. டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கண் எட்டாத இடமானால் செல்போனை நுழைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதே வண்டியில் அதே மாதிரிக் கப்ளர் கைக்கு எட்டும் இடத்தில் வேறொன்று இருந்தால், முதலில் அதைக் கழற்றிப் பழகிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பழைய கார்களின் இன்ஜெக்டர் கப்ளரில் பிளாஸ்டிக் நாக்குக்குப் பதிலாக ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். சிலவற்றில் அதை அமுக்கினால் போதும். சிலவற்றில் ஊக்கால் நெம்பி வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும்போது மறு கையால் மூடிக்கொள்ளாவிட்டால் அது துள்ளிப் போய் என்ஜினுக்கு அடியில் எங்கோ விழும். பிறகு அன்றைய ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடுவதிலேயே கழியும்.

புது வண்டிகளில் இன்னொரு சூட்சுமம் உண்டு. நாக்கின் மேலேயோ பின்னாலேயோ சிவப்பு, மஞ்சள், சாம்பல் நிறத்தில் ஒரு சிறு துண்டு செருகியிருக்கும். அழகுக்கு வைத்ததல்ல அது, பூட்டுக்குப் பூட்டு. அதைச் சில மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால்தான் நாக்கு அமுங்கவே செய்யும். பலவற்றில் அந்தத் துண்டு முழுவதும் வெளியே வராது. பின்னுக்கு நகர்ந்து நின்றுவிடும். முழுவதும் பிடுங்கப் பார்த்து உடைப்பவர்கள் அநேகம். கம்ப்யூட்டர் பெட்டியில் செருகும் பெரிய கப்ளர்களில் நாக்குக்குப் பதில் ஒரு நெம்புகோல் கைப்பிடி இருக்கும். அதைத் தூக்க, கப்ளர் தானே எழும்பி வரும்.

சேறு, உப்பு, சூடு

மும்பை வண்டிகளுக்கென்று தனி வியாதிகள் உண்டு. இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதையும், வண்டிகள் மூழ்கிக் கிடந்ததையும் அந்நாளில் இங்கிருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். தண்ணீர் வடிந்துவிடும், அது கொண்டுவந்த வண்டல் வடியாது. நாக்குக்கு அடியில் மாவுபோல் புகுந்து காய்ந்து சிமெண்டாகிவிடும். நாக்கு கீழே இறங்க இடமில்லாதபோது எவ்வளவு அமுக்கி என்ன பயன்? பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து, அந்தச் சேற்றை முதலில் வெளியேற்ற வேண்டும். இதற்காகவே கான்டாக்ட் கிளீனர் என்று ஸ்பிரே டப்பா ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கிறது.

கடற்காற்றின் உப்பு ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே போனால் ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறும். செம்புப் பாத்திரத்தில் ஏறும் அதே களிம்புதான். ஊசியையும் துளையையும் அது ஒட்டவைத்துவிடும். அப்போது நாக்கு விட்டாலும் கப்ளர் வராது. சிலிகான் ஸ்பிரேயை இடுக்கில் சிறிது விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, பக்கவாட்டில் மெல்ல மெல்ல அசைத்துத்தான் எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் உதவா. ரப்பர் வளையம் ஊதிப்போகும். பெட்ரோல் என்றால் தீப்பிடிக்கும் பயம் வேறு.

மூன்றாவது வியாதி சூடு. ஆல்ட்டோ கே10 போன்ற மூன்று சிலிண்டர் கார்களில் ஸ்பார்க் பிளக்கை மாற்ற, ஒவ்வொரு பிளக்கின் மேலும் உட்கார்ந்திருக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் மூன்று கப்ளர்கள். என்ஜின் தலைமேல் ஆண்டுக்கணக்கில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம்போல் நொறுங்கும் பதத்தில் இருக்கும். சில்லென்று இருக்கும் காலை நேரத்தில் இதைத் தொடாமலிருப்பதே நல்லது. சற்று நேரம் என்ஜினை ஓட்டி, நிறுத்தி, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் வேலை செய்தால் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், ரப்பரும் இளகும். வீட்டில் தலைமுடி உலர்த்தும் கருவி இருந்தால் அதன் காற்றையும் காட்டலாம். சிலர் லைட்டரைப் பற்ற வைத்துக் காட்டுகிறார்கள். பெட்ரோல் ஆவியும் சி.என்.ஜி. குழாயும் அருகிலிருக்கும் இடத்தில் இதைச் செய்பவரைத் தைரியசாலி என்று சொல்ல முடியாது.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. சைக்கிள் ஸ்போக் ஒன்றின் முனையைத் தட்டித் தட்டையாக்கி லேசாக வளைத்தால் நாக்கைத் தூக்க அருமையான கொக்கி தயார். கை நுழையாத சந்தில் மூக்குப் பிளேயரைத்தான் நம்ப வேண்டுமென்றால், அதன் வாயில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றிக்கொண்டு, கப்ளரின் உடம்பைப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் பிடிக்க வேண்டும்.

ஒயரைத் தொடாதே

"அண்ணாச்சி, ஒயரைப் பிடிச்சு ஒரு சுண்டு சுண்டுனா வந்துரும்" என்று பக்கத்தில் நிற்கும் பையன் யோசனை சொல்லுவான். வரவும் செய்யும். ஆனால் ஒயருக்குள் இருப்பவை தலைமுடி போன்ற மெல்லிய செம்பு இழைகள். சுண்டும்போது அவற்றில் பாதி, மேலுறைக்குள்ளேயே அறுந்துபோகும். வெளியே பார்த்தால் ஒயர் முழுசாக இருக்கும். அல்லது ஒயரின் முனைத் தகடு கப்ளருக்குள் பின்னோக்கி நகர்ந்துவிடும். மறுபடி மாட்டும்போது ஊசி அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

அதன் விளைவு அன்றைக்குத் தெரியாது. நல்ல சாலையில் வண்டி ஓடும். பள்ளத்தில் விழுந்தால் அணையும், உதைத்தால் மறுபடி கிளம்பும். ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடும். மெக்கானிக்குகள் அஞ்சுகிற கோளாறு இதுபோல் வேறில்லை. ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பார்கள். மாற்றியதற்கெல்லாம் பணம் கொடுத்தாக வேண்டும்.

நாக்கு உடைந்தே போய்விட்டால் பதற வேண்டியதில்லை. இரண்டு பாதிகளையும் முழுவதும் உள்ளே தள்ளி, குறுக்கே ஒரு பிளாஸ்டிக் டையைப் போட்டு இறுக்கினால் வண்டி ஓடும். பசை போட்டு ஒட்டுவது மட்டும் வேண்டாம். அடுத்த முறை கழற்ற வருபவர் ஒயரை வெட்டத்தான் வேண்டியிருக்கும். பிறகு நேரம் கிடைக்கும்போது புதுக் கப்ளர் வாங்கி மாற்றிவிடலாம். முழு ஒயரிங் செட் வேண்டியதில்லை. சாண் நீள ஒயரோடு சேர்ந்த கப்ளர் தனியாகவே கிடைக்கும். குர்லா சி.எஸ்.டி. ரோடு பக்கம் பழைய சாமான் கடைகளில், உடைத்த வண்டியிலிருந்து வெட்டியெடுத்ததையும் கேட்டு வாங்கலாம். எல்லா ஒயரையும் மொத்தமாக வெட்டிவிட்டு நிறம் தெரியாமல் விழிப்பதைவிட, ஒன்றை வெட்டி ஒன்றை இணைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டு, பிறகு அடுத்ததற்குப் போவது நல்லது. இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக இருந்தால் கட்டு தடிக்காது.

கிளிக் சத்தம்

வேலையைத் தொடங்குமுன் சாவியை எடுத்து, பாட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் பத்துக்கு ஐந்து பேர் இதைச் செய்வதில்லை என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. சாவி போட்ட நிலையில் சென்சாரைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர் அதைக் கோளாறு என்று பதிவு செய்துகொண்டு என்ஜின் விளக்கை எரியவிடும். எந்தக் கப்ளர் எங்கே இருந்தது என்று செல்போனில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால், இந்த வேலையைக் கம்பெனி ஒர்க் ஷாப்புக்கே விட்டுவிடலாம்.

தொடக் கூடாத கப்ளர்களும் உண்டு. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. ஸ்டீயரிங்குக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் மஞ்சள் நிறத்தில் தெரியும் கப்ளர்கள் அதைச் சேர்ந்தவை. தவறாகக் கைவைத்தால் பை முகத்தருகே வெடித்து விரியலாம். மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் தடித்த ஒயர்களில் இருப்பது உயிரைக் குடிக்கும் மின்சாரம். சி.என்.ஜி. ஆட்டோவில் காஸ் வாடை வந்தால் கப்ளர், ஒயர் எதையும் தொடாமல் வண்டியை விட்டு விலகுவதே முதல் வேலை.

கழற்றிய கப்ளரை மாட்டும்முன் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். ஊசி வளைந்திருக்கிறதா, ரப்பர் வளையம் இடத்தில் இருக்கிறதா, பச்சை தெரிகிறதா? களிம்பை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. ஊசியின் மேலுள்ள ஈயப்பூச்சு போனால் அடுத்த மழையில் களிம்பு இரட்டிப்பாகும். கான்டாக்ட் கிளீனரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். ரப்பர் வளையத்தின் மேல் சிலிகான் கிரீஸைச் சிறிதளவு தடவினால் அடுத்த ஆண்டு கழற்றுவது சுலபமாக இருக்கும்.

பிறகு நேராகத் தள்ள வேண்டும், 'கிளிக்' என்று காதில் விழும் வரை. சத்தம் கேட்காத சந்தடியில் வேலை செய்பவர்கள் கப்ளரின் உடம்பைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்க்கலாம். பூட்டுக்குப் பூட்டாக உள்ள நிறத் துண்டு உள்ளே போக மறுத்தால், கப்ளர் இன்னும் முழுவதும் உட்காரவில்லை என்று அர்த்தம்; அடித்து ஏற்றாமல், கப்ளரை இன்னொரு முறை தள்ள வேண்டும். பாட்டரியை மாட்டும்போது மைனஸ் கடைசியில். சாவியைத் திருப்பினால் என்ஜின் விளக்கு எரியும். வண்டி கிளம்பியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் புதுச் சென்சார் வாங்க ஓடுவதற்கு முன், கடைசியாகக் கைவைத்த கப்ளரை ஒரு முறை அமுக்கிப் பார்க்கட்டும்.